இரண்டாம் ஞாயிறு, ஒரு திருத்தம்

கூட்டம் பத்து மணிக்கு என்றால் பத்தே காலுக்குள் காபி வந்துவிட வேண்டும். ஒன்பது வருஷ அனுபவத்தில் சொல்கிறேன். படம் வரைகிறவர்கள், போட்டோ எடுக்கிறவர்கள், விளம்பரத்துக்கு வாசகம் எழுதுகிறவர்கள் எல்லோரும் பசியைக்கூடப் பொறுத்துக்கொள்வார்கள், காபி தாமதமானால் பொறுக்க மாட்டார்கள். இங்கே நீங்கள் வாங்கிக் கொடுத்ததும் நன்றாகத்தான் இருந்தது, மேடம். ஸ்டேஷன் காபியைப் பற்றி வெளியே தப்பாகப் பேசுகிறார்கள்.

கேட்டதற்கு வருகிறேன். என் பெயர் பாலகோபால், வயது நாற்பத்தொன்பது, கணபதியில் இருக்கிறேன். பாட்டில், டப்பா, அட்டைப்பெட்டி இவற்றுக்கு லேபிள் வடிவமைப்பது தொழில். காங்கேயத்துக்குப் பக்கத்தில் ராமாத்தாள் என்ற அம்மாள் மாட்டுக்குத் தடவுகிற உண்ணி மருந்து உடம்பில் ஏறி இறந்துபோன வழக்கில், அந்த மருந்துக்கு லேபிள் செய்த லோகப்பிரியாவை நீங்கள் பிடித்து வைத்திருக்கிறீர்கள். அவள் வந்துபோன கூட்டத்தை நடத்துகிறவன் என்பதால் என்னைச் சாட்சியாகக் கூப்பிட்டிருக்கிறீர்கள். தெரிந்ததைச் சொல்கிறேன்.

எங்கள் தொழிலில் வேலை ஒரே நாளில் போய்விடவில்லை. முதலில் மில்கள் காலண்டர் அடிப்பதை நிறுத்தின. பிறகு பம்பு கம்பெனிகள் கேட்லாக் போடுவதை நிறுத்தின. பனியன் ஆர்டர் குறைந்ததும் திருப்பூர்க்காரர்கள் மாடல் வைத்துப் படம் எடுப்பதை விட்டார்கள். மிச்சமிருந்த போஸ்டர் வேலையை முதலாளி வீட்டுப் பிள்ளைகள் போனிலேயே செய்துகொண்டார்கள். ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து ஈ ஓட்டுவதற்கு, ஒன்றாக உட்கார்ந்து ஓட்டலாமே என்றுதான் நான் கூட்டத்தை ஆரம்பித்தேன். கணபதியில் பூட்டிப்போன ஒரு லேத் பட்டறைக்கு மேலே ஹால் இருந்தது. மாதத்தில் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை. முப்பது பேர் வருவோம். வேலை கொடுக்கக்கூடிய முதலாளிகள் இரண்டு மூன்று பேரையும் அழைத்து உட்கார வைப்பேன். அப்படி அங்கே பேசிப் பழகி வேலை பிடித்தவர்கள் நிறைய. என்னைக் கேட்காமல் யாரும் யாருக்கும் வேலை கொடுத்ததில்லை, ஆரம்பத்தில்.

ஒரு சட்டம் வைத்திருந்தேன். அதை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். நம் பக்கத்து ஆட்களுக்கு மூஞ்சிக்கு நேராக ‘நன்றாக இல்லை’ என்று சொல்ல வராது. ‘நல்லாத்தானுங்க இருக்குது’ என்று இழுத்தால் குப்பையில் போடு என்று அர்த்தம். இப்படியே இழுத்துக்கொண்டிருந்தால் யாரும் உருப்பட மாட்டோம் என்பதால், மாதம் ஒருவர் அச்சுக்குப் போகப்போகிற தன் வேலையைக் காட்ட வேண்டும், கூட்டத்தில் ஒருவர் ஒரே ஒரு திருத்தம் சொல்ல வேண்டும், காட்டியவர் மறுபேச்சுப் பேசாமல் அதை ஏற்றுச் செய்துவிட வேண்டும் என்று வைத்தேன். ஏற்றுக்கொண்ட பிறகு அந்தத் திருத்தம் ஏற்றவருடையது. சொன்னவர் பின்னால் சொல்லிக்காட்டக் கூடாது. ஏற்றவரும் இன்னார் சொன்னார் என்று வெளியே பெயர் எடுக்கக் கூடாது. ஒன்பது வருஷமாக ஒருவர்கூட மீறியதில்லை. மரியாதை தெரிந்த ஊர்.

லோகப்பிரியா மூன்று வருஷத்துக்கு முன்னால் வந்தாள். காங்கேயத்துப் பெண். அப்பா ஒரு தேங்காய் எண்ணெய் மில்லில் வேலை பார்க்கிறவர். பஸ்ஸில் மடியில் பைல் வைத்துக்கொண்டு வருவாள், கடைசி வரிசையில் உட்காருவாள், வாயைத் திறந்தால் ஏனுங்க, சரிங்க என்பதற்கு மேல் வராது. இந்தப் பெண்ணா நம் பிழைப்பைக் கெடுக்கப்போகிறது என்று யாருக்கும் தோன்றாது. எனக்கும் தோன்றவில்லை. ஆறு மாதத்தில் அவள் காட்டுகிற முறை வந்தது. ஒரு எண்ணெய் டின். அவ்வளவுதான், வெறும் டின். அதைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய் நான் செய்த வேலைகளை எல்லாம் எடுத்துப் பார்த்தேன். இருபத்தைந்து வருஷ வேலை. ஒன்றில்கூட அந்த டின்னில் இருந்த துணிச்சல் இல்லை. வயிறு எரிந்தது. இதை மறைத்து என்ன ஆகப்போகிறது, எழுதிக்கொள்ளுங்கள்.

அடுத்தடுத்த மாதங்களில் முதலாளிகள் ஹாலுக்குள் வந்ததும் கண்ணால் அவளைத் தேட ஆரம்பித்தார்கள். என்னிடம் கைகுலுக்கிக்கொண்டே என் தோளுக்கு மேலே எட்டிப் பார்ப்பார்கள். அந்தப் பெண் எப்படிங்க என்று கேட்டால் நான் ஒரு நாளும் குறை சொன்னதில்லை. ‘தங்கமான பொண்ணுங்க. கொஞ்சம் அவசரப்படும். போகப் போகச் சரியாயிருமுங்க’ என்பேன். இரண்டு பேர் அதோடு நின்றுகொண்டார்கள். மூன்றாவது ஆள் மிதுன். அவர் நிற்கவில்லை.

மிதுன் துடியலூரில் மாட்டு மருந்து தயாரிக்கிற சின்னக் கம்பெனிக்காரர். அப்பா இறந்த பிறகு எடுத்து நடத்துகிறார். அந்தக் கம்பெனியின் உண்ணி மருந்துக்குப் பதினோரு வருஷமாக லேபிள் என்னுடையது. அதை மாற்றப்போகிறேன் என்று மிதுன் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. போன ஜனவரிக் கூட்டத்தில், எல்லோருக்கும் முன்னால் லோகப்பிரியா பைலைத் திறந்தபோதுதான் எனக்கே தெரியும். மிதுன் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். நான் அவருக்குப் பக்கத்து நாற்காலி.

என் லேபிளில் சிவப்பு நிறத்தில் ஒரு காளையின் தலை, சுற்றிலும் நிறைய எழுத்து, பாட்டில் கழுத்தில் விரல் அகலத்துக்கு ஒரு மஞ்சள் பட்டை. பட்டையில் ஒரு கை, அதன் மேல் பெருக்கல் குறி, பக்கத்தில் ஒரு மூடியும் ஒரு வாளியும். அப்படியே தொட்டுத் தடவாதே, ஒரு மூடி மருந்தை ஒரு வாளித் தண்ணீரில் கலந்துகொள் என்று அர்த்தம். படிக்கத் தெரியாதவருக்கும் புரியும். அவளுடையது வெள்ளை பாட்டில். அதில் ஒரே ஒரு கோடு. காங்கேயம் காளையின் திமில் மட்டும். வேறு ஒன்றும் கிடையாது. பின்வரிசையில் இருந்தவர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். நானும் கண்ணை எடுக்காமல்தான் பார்த்தேன்.

அவள் சொன்னாள்: “பழைய லேபிள் அண்ணன் செஞ்சதுங்க. மத்ததெல்லாம் மாத்திப்போட்டேன். இந்த மஞ்சப் பட்டைய மட்டும் தொடலீங்க. இதுக்கு மேல இதை யாரும் செய்ய முடியாதுங்க.”

முப்பது பேரும் என்னைத் திரும்பிப் பார்த்துக் கை தட்டினார்கள். மிதுனும் தட்டினார். நானும் சிரித்துத் தலையாட்டினேன். பதினோரு வருஷத்தில் எனக்கு ஒரு விரல் அகலம் மிச்சம் வைத்திருந்தாள். அதையும் அவளே எடுத்து என் கையில் பிச்சை போடுகிற மாதிரிப் போட்டாள். அவள் அப்படி நினைத்துச் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியும். நினைத்துச் சொல்லியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

பேசுகிறவர்களைக் கூப்பிடும் பொறுப்பு அன்றைக்குப் போட்டோக்காரர் ஜாவித்துக்கு. திருத்தம் யார் சொல்கிறீர்கள் என்று கேட்டார். நான் கையைத் தூக்கினேன்.

“பட்டைய எடுத்துரு அம்மணி,” என்றேன். “இந்த வெள்ளைக்கு அது சேரலை. அந்த விஷயத்தைப் பின்னாடி எழுத்தாப் போட்டுக்கலாம்.”

“அது எச்சரிக்கைங்களேண்ணா” என்றாள். மறுபேச்சு கூடாது என்று யாரோ பின்னாலிருந்து சிரித்தார்கள். அவள் மிதுனைப் பார்த்தாள். மிதுன் பாட்டில் படத்தில் பட்டை இருந்த இடத்தைக் கையால் மறைத்துப் பார்த்துவிட்டு, எடுப்பா இருக்குங்க என்றார். அவள் மறுபடி என்னைப் பார்த்தாள். பட்டையைச் செய்தவனே வேண்டாம் என்கிறான், அதற்கு மேல் அவள் யாரைக் கேட்பாள்?

“சரிங்ணா” என்று எழுதிக்கொண்டாள்.

என் பட்டை, மேடம். நான் வைத்ததை நான் எடுத்தேன். அன்று வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் இதைத்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சட்டப்படி எதுவும் குறையவில்லை. கலக்கும் அளவு பாட்டிலின் பின்னால் இருந்தது, அட்டைப்பெட்டிக்குள் வைத்த தாளிலும் இருந்தது. எழுத்துதான் சின்னது.

அந்தப் பட்டை எதற்கு வந்தது என்று நீங்கள் இன்னும் கேட்கவில்லை. நானே சொல்லிவிடுகிறேன். முதல் வருஷம் என் லேபிளிலும் பட்டை கிடையாது. தாராபுரம் பக்கத்தில் ஒரு பால்காரர் மருந்தைக் கலக்காமல் கையில் ஊற்றி எருமைக்குத் தடவிவிட்டார். எருமை செத்தது. அவர் மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்தார். மிதுனின் அப்பா என் வீட்டுக்கே வந்தார். படிப்பு இல்லாதவனுக்கும் பார்த்ததும் பயம் வருகிற மாதிரி ஒன்று போடுங்கள், இன்னொருத்தர் இப்படிக் கிடக்கக் கூடாது என்று கேட்டார். நான்கு நாள் உட்கார்ந்து அந்தக் கையையும் வாளியையும் வரைந்தேன். மிதுன் அப்போது வெளியூரில் படித்துக்கொண்டிருந்தார். பால்காரர் கதையை ஊருக்குள் பரவ விடாமல் அமுக்கிவிட்டார்கள். அப்பா போன பிறகு, பட்டை ஏன் இருக்கிறது என்பது தெரிந்த ஒரே ஆள் நான்தான். கையைத் தூக்கியபோதும் எனக்கு அது தெரியும். மறந்துபோய்ச் சொன்னேன் என்று சொல்லலாம். நேற்று வரைக்கும் அப்படித்தான் சொல்வதாக இருந்தேன்.

மழை பெய்து உண்ணி பெருகிய சமயத்தில் புது பாட்டில் கடைக்கு வந்தது. நான் மூன்று நான்கு முறை காங்கேயம் பஸ் ஏறிப் போனேன். ஒரு லேபிள் கடையில் எப்படி நிற்கிறது என்று பார்ப்பது தொழில் பழக்கம். அற்புதமாக நின்றது. தேங்காய் எண்ணெய் பாட்டில் மாதிரி வெள்ளையாக, சுத்தமாக. கடைக்கு வந்தவர்கள் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். ஒரு அம்மாள் வாங்கிக்கொண்டு வெளியே வந்து, நின்றுகொண்டிருந்த என்னிடம் பாட்டிலை நீட்டினார்.

“ஏனுங்க, இதை எப்புடிங்க தடவறது? எண்ணெயாட்டம் இருக்குதுங்களே.”

“பின்னாடி எழுதியிருக்குமுங்க,” என்றேன்.

படிக்கத் தெரியாதுங்க என்று அந்த அம்மாள் சிரித்தார். நான் பஸ் வந்துவிட்டது என்று கையைக் காட்டிவிட்டு நடந்தேன். பஸ் வந்துதான் இருந்தது. அது ராமாத்தாள்தானா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. பச்சைச் சேலை கட்டியிருந்தார். பேப்பரில் வந்த படம் கறுப்பு வெள்ளை.

ராமாத்தாள் இரண்டு காளைக்கும் ஒரு பசுவுக்கும் இரண்டு கையாலும் தேய்த்துத் தடவியிருக்கிறார். பசு அன்றைக்கே விழுந்தது. அவர் மூன்றாம் நாள் போனார். டிசைனர்தான் பட்டையை எடுத்தது என்று மிதுன் உங்களிடம் எழுதிக் கொடுத்தார். லோகப்பிரியாவும் ஆமாம், அது என் முடிவு, வேறு யாரும் காரணம் இல்லை என்று சொல்லிவிட்டாள். ஏன் அப்படிச் சொன்னாள் என்று உங்களுக்கு ஆச்சரியமாக இருந்திருக்கும். எங்களுக்கு இல்லை. ஏற்றுக்கொண்ட திருத்தம் ஏற்றவருடையது.

அவள் அதைச் சொன்னதும் எனக்கு நிம்மதியாக இருந்தது. ஒரு வாரம் நன்றாகத் தூங்கினேன். உண்மையைச் சொல்வதானால், அவள் உள்ளே இருந்த அந்த வாரத்தில் எனக்கு இரண்டு வேலை வந்தது.

பிறகு இந்த மாதக் கூட்டம் வந்தது. முப்பது பேர் உட்காரும் ஹாலில் அறுபது பேர். அத்தனை பேரும் அவளுக்காக வந்தவர்கள். அன்றைக்குத் திருத்தம் சொன்னது யார் என்று அதில் பாதிப் பேருக்குத் தெரியும், ஒருவர் வாயிலும் என் பெயர் வரவில்லை, கண்கூட என் பக்கம் திரும்பவில்லை. அந்தப் புள்ள நெனச்சிருந்தா ஒருத்தரைக் கைகாட்டிட்டு வெளிய வந்திருக்கலாமுங்க, நம்ம சட்டத்துக்காக உள்ள உக்காந்திருக்குது என்று சொல்லிவிட்டு ஜாவித் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வக்கீல் ஏற்பாடு செய்வதாகப் பத்துப் பேர் எழுந்து நின்றார்கள். முதலாளிகளில் ஒருவர், அந்தப் பெண் வெளியே வந்ததும் என் வேலை முழுக்க அவளுக்குத்தான், இப்படிப்பட்ட மனுஷியை நம்பி எதையும் கொடுக்கலாம் என்றார். சட்டம் என்னுடையது, மேடம். ஹால் நான் பிடித்தது. ஒன்பது வருஷத்தில் என் பெயரைச் சொல்லி யாரும் அங்கே கண் கலங்கியதில்லை.

இதோ, நான் கையெழுத்துப் போடுவதற்காக நீங்கள் டைப் செய்து வைத்திருக்கிற தாளில், ‘மஞ்சள் பட்டையை நீக்கும் முடிவை எடுத்தவர் லோகப்பிரியா’ என்று இருக்கிறது. மூன்று முறை படித்தேன். அது தவறு. எதை எடுத்தால் என்ன ஆகும் என்று தெரிந்து எடுத்தவன் நான். அவளுக்கு அது எதுவுமே தெரியாது. அந்த பாட்டிலில் அவள் செய்தது ஒரு கோடு மட்டும்தான். ஒரு உயிரை எடுத்தது நான் சொன்ன திருத்தம்.

அவளைக் காப்பாற்றுவதற்காகச் சொல்கிறேன் என்று நீங்கள் நினைத்தால் அப்படியே இருக்கட்டும். வெளியே கேட்கிறவர்களிடமும் அப்படியே சொல்லுங்கள். ஆனால் இந்த வரியில் அவள் பெயரை அடித்துவிட்டு என் பெயரைப் போடுங்கள். இதையும் அவளுக்கு விட்டுக்கொடுக்க என்னால் முடியாது.