நிற்கும் மார்ட்டின்

அந்த கேம் கன்சோலை மார்ட்டினுக்கு வாங்கிக் கொடுத்ததே நான்தான், மேடம். தில்லை நகரில் ஒரு கடையில் வாங்கினேன். கடைக்காரர் "பையனுக்கா?" என்று கேட்டார். தம்பிக்கு என்றேன். பையன் என்றே சொல்லியிருக்கலாம். எனக்கும் அவனுக்கும் அவ்வளவு வயது வித்தியாசம். அவனுக்குத் தசைகள் ஒவ்வொன்றாக வலுவிழக்கும் நோய். விரல்கள் மட்டும் கடைசிவரை சொன்னபடி கேட்டன. விரல் இருக்கும்வரை விளையாடட்டும் என்று நினைத்தேன். அந்தப் பெட்டியின் மேல் எனக்கு வெறுப்பு இருந்தது என்று உங்களிடம் யாராவது சொல்லியிருந்தால் அது உண்மையில்லை. அதன் முகப்பு மாறப்போகிற நாளுக்காக அவனைவிட அதிகமாகக் காத்திருந்தவள் நான்.

தென்னூரில் எங்கள் தெருவில் கேட்டுப் பாருங்கள், இருதயமேரி யார் என்று. அப்பாவும் அம்மாவும் போன பிறகு அவனுக்கு நான்தான். டீச்சர் வேலையை விட்டேன். என்னைப் பார்க்க வந்தவர்களை வேண்டாம் என்று அனுப்பினேன். ஞாயிறு பூசை முடிந்து வெளியே வரும்போது பெண்கள் வந்து என் கையைப் பிடித்துக்கொள்வார்கள். பெற்ற தாய்கூட இப்படிச் செய்யமாட்டாள் என்பார்கள். முதலில் கூச்சமாக இருந்தது. பிறகு ஒரு ஞாயிறு யாரும் கையைப் பிடிக்காவிட்டால் ஏதோ மறந்துபோனமாதிரி வீட்டுக்கு வருவேன்.

ஒவ்வோர் ஆகஸ்டிலும் நான் வேளாங்கண்ணிக்கு நடப்பேன். காவிப் புடவை கட்டிக்கொண்டு, எங்கள் பங்குக் கோயில் கூட்டத்தோடு. அந்த நாட்களில் திருவானைக்காவலிலிருந்து லூர்துராணி சித்தி வந்து அவனைப் பார்த்துக்கொள்வார். தஞ்சாவூர் தாண்டும்போது காலில் கொப்புளம் உடையும். மருந்து போடமாட்டேன். என் கால் வலியை எடுத்துக்கொண்டு அவனுக்குக் கால் கொடு என்பதுதான் மாதாவுக்கும் எனக்கும் இருந்த பேச்சு. அங்கே கடைகளில் வெள்ளித் தகட்டில் கை, கால், கண் எல்லாம் செய்து விற்பார்கள் இல்லையா, அதில் ஒரு கால் வாங்கிக் காணிக்கை வைப்பேன். திரும்பி வந்ததும் முதல் வேலையாக மார்ட்டினின் பாதத்தைத் தொட்டுப் பார்ப்பேன். குளிர்ந்திருக்கும்.

"என்னக்கா, இந்த வருஷமும் டெலிவரி ஆகலையா?" என்பான்.

எல்லாவற்றையும் கேலி செய்வான். அது அவன் சுபாவம் என்று விட்டுவிடுவேன்.

இந்த வருட ஆரம்பத்தில் அந்த அறிவிப்பு வந்தது. கன்சோலின் முகப்புத் திரையையே மாற்றப்போகிறார்களாம். இதுவரை ஒருவருக்கு ஒரு பெயரும் சின்னப் படமும்தான். இனி ஒவ்வொருவரும் தனக்கென்று ஓர் உருவம் செய்துகொள்ளலாம், அவதார் என்று சொன்னான். முகம், மூக்கு, முடி, உயரம், சட்டை எல்லாம் நாமே தேர்ந்தெடுக்கலாம். நண்பர்களின் உருவங்களெல்லாம் திரையில் ஒரே இடத்தில் வந்து கூடும். அதற்கான வீடியோவை அவன் எத்தனை தடவை போட்டானோ, அடுப்படியில் நிற்கும் எனக்கே அதன் இசை மனப்பாடம். அதில் ஓர் இளைஞன் வெள்ளை வெளிச்சத்துக்குள்ளிருந்து எழுந்து நிற்பான். சோம்பல் முறிப்பான். பிறகு நம்மைப் பார்த்து நடந்து வருவான்.

வாசற்படியில் நின்று நான் அழுதுவிட்டேன். மார்ட்டின் திரும்பிப் பார்த்து, வெங்காயமா என்று கேட்டான். நீயும் இப்படி நிற்கலாமா என்று கேட்டேன். எப்படி வேண்டுமானாலும் இருக்கலாம் என்றான்.

எனக்கு அது போதுமாக இருந்தது. மாதா எந்த வழியாகத் தருவாள் என்று நாம் சொல்ல முடியாதே. நன்றிப் பூசைக்குச் சொல்லி வைத்தேன். அவன் உருவத்துக்குப் போடும் சட்டைக்கு மாதிரியாக இருக்கட்டும் என்று நீல நிறத்தில் ஒரு சட்டை எடுத்தேன். ஒரு தடவை தேதியைத் தள்ளிவைத்தார்கள். அவன் அன்று முழுக்கக் கன்சோலைத் தொடவில்லை. நான்தான் தேற்றினேன். வரும்டா, இவ்வளவு நாள் பொறுத்தோம் என்றேன். அவன் எதற்காகப் பொறுத்தான், நான் எதற்காகப் பொறுத்தேன் என்பதை அப்போது நாங்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளவில்லை.

மைதிலியை உங்களுக்குத் தெரியும். புகார் கொடுத்த பெண். ஸ்ரீரங்கத்தில் உத்திர வீதியில் வீடு, வீட்டிலிருந்தே ஏதோ கம்பெனி வேலை. விளையாட்டில்தான் பழக்கமானாள். பிறகு ஸ்கூட்டரில் வீட்டுக்கே வரத் தொடங்கினாள். ஒருமுறை தூக்கில் அக்காரவடிசல் கொண்டுவந்து அவனுக்கு ஊட்டினாள். எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் முதலில் அவன் காலைப் பார்ப்பார்கள், பிறகு என்னைப் பார்ப்பார்கள். அந்தப் பெண் இரண்டையும் பார்க்கமாட்டாள். நேராக அவன் முகத்தைப் பார்த்துச் சண்டை போடுவாள்.

புது முகப்பு எல்லோருக்கும் வருவதற்கு முந்தின சாயங்காலம் அவள் வந்தாள். முன்கூட்டியே சோதித்துப் பார்க்கச் சிலருக்குக் கொடுத்திருந்தார்களாம், அவளுக்கும் கிடைத்திருந்தது. எங்கள் டிவியில் தன் கணக்கில் அதைத் திறந்து, இரண்டு பேருமாக உட்கார்ந்து ரொம்ப நேரம் எதையோ செய்துகொண்டிருந்தார்கள். சிரிப்புச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. நான் கையைத் துடைத்துக்கொண்டு காத்திருந்தேன்.

"அக்கா, வந்து பாருங்க. உங்க தம்பி ரெடி" என்றாள்.

திரையில் மைதிலியைப்போல ஒரு பெண் நின்றாள். அவள் பக்கத்தில் மார்ட்டின். அதே மூக்கு, அதே தெத்துப்பல். சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். சக்கரங்களுக்கு மஞ்சள் நிறம் கொடுத்திருந்தார்கள்.

நாற்காலி எதற்கு என்று கேட்டேன். எப்படி வேண்டுமானாலும் இருக்கலாம் என்றாயே என்றேன்.

"ஆமாக்கா. இப்படித்தான் வேணும். நிக்க வெச்சுப் பார்த்தேன், யாரோ மாதிரி இருந்துச்சு."

"நின்னா என்னைவிடக் குள்ளம்னு தெரிஞ்சுடும். அதான் சார் உக்காந்துட்டார்" என்றாள் மைதிலி. அவன் சிரித்து, சிரித்து, மூச்சு வாங்கி, நான் போய் முதுகைத் தடவ வேண்டியதாயிற்று.

அவள் போன பிறகு, இந்த வருடம் நடக்க வேண்டாம் என்றான். உனக்காகத்தானே நடக்கிறேன் என்றேன்.

"நான் எப்பவாவது கால் கேட்டேனா? போனா, மாதாகிட்ட சக்கரத்துக்கு நல்ல டயரா கேட்டுட்டு வா." பிறகு கேலியில்லாமல் சொன்னான்: "நான் நல்லாத்தான்க்கா இருக்கேன். உனக்குத்தான் நான் நல்லா இல்லாம இருக்கணும்."

நான் கோபப்படவில்லை. எழுந்து போய் அரிசி களைந்தேன். அவன் களைத்துப்போய்விட்டான் என்று எனக்குப் புரிந்தது. நம்பிக்கை விட்டுப்போன பிள்ளைகள்தான் கேட்பதை நிறுத்துவார்கள். கேட்பதை நிறுத்திய ஒருவனை எவ்வளவு காலம் இழுத்துக்கொண்டு போவது?

மறுநாள் எங்கள் பகுதிக்கு மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்தடை. காலையில் போனால் இரண்டு மணிக்குத்தான் கரண்ட் வரும். படுத்தால் அவனால் தானாக மூச்சு விட முடியாது. முகமூடி மாட்டி, காற்றைத் தள்ளும் ஒரு மெஷின் வைக்க வேண்டும். நிமிர்த்தி உட்கார வைத்தால் மெஷின் இல்லாமலே கொஞ்ச நேரம் சமாளிப்பான். அதனால் எங்கள் வீட்டில் ஒரு முறை உண்டு. கரண்ட் இல்லாதபோது மெஷின் இன்வெர்ட்டரில் ஓடும். பேட்டரி தீரப்போகிறதென்று இன்வெர்ட்டர் கத்தினால், நான் அவனை எழுப்பி நாற்காலியில் தூக்கி உட்கார வைப்பேன். இத்தனை வருடத்தில் ஒருமுறைகூட நான் தவறியதில்லை.

அன்று புது முகப்பு நெட்டிலிருந்து பாதி இறங்கியிருந்தது. கன்சோலையும் இன்வெர்ட்டரிலேயே விடச் சொன்னான். பேட்டரி சீக்கிரம் தீருமே என்றேன். கத்தினால் எழுப்பிவிடு, சாயங்காலம் நண்பர்கள் எல்லோரும் திரையில் வருகிறார்கள், அதற்குள் இறங்கிவிட வேண்டும் என்றான். எதிர்பார்ப்பில் சரியாகச் சாப்பிடக்கூட இல்லை. நீலச் சட்டையைப் போட்டுவிடச் சொன்னான். போட்டுவிட்டேன். முகமூடியை மாட்டியதும் தூங்கிவிட்டான்.

நான் பின்கட்டில் துணி துவைத்துக்கொண்டிருந்ததாகவும், சத்தம் கேட்கவில்லை என்றும் முதலில் சொன்னேன். அதைத் திருத்திக்கொள்கிறேன். நான் முன்னறையில் ஜெபமாலையோடு உட்கார்ந்திருந்தேன். இன்வெர்ட்டர் கத்தியது கேட்டது. அது கத்தி ஓய்ந்ததும் மெஷின் கத்த ஆரம்பித்தது. உள்ளே போய் அதன் மணியை நிறுத்தும் பொத்தானை அழுத்தினேன். அவன் தூக்கம் கலையக்கூடாது என்று நினைத்தேன். பிறகு வந்து விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேன்.

அதற்குள் கரண்ட் வந்துவிட்டது. சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே. பக்கத்து வீட்டில் மிக்ஸி ஓடியது, எங்கள் மின்விசிறி சுற்றியது. மெஷின் ஒரு பெருமூச்சு விட்டது. அந்த ஒரு மூச்சுக் காற்றில் அவனுக்குக் குரல் வந்தது. முகமூடிக்குள்ளிருந்து "அக்கா" என்றான்.

நான் எழுந்தேன். அவனிடம் போகத்தான் எழுந்தேன் என்று இப்போதும் தோன்றுகிறது. ஆனால் வாசலுக்குப் போய், மீட்டர் பெட்டியைத் திறந்து, மெயின் சுவிட்சை இறக்கினேன். பக்கத்து வீட்டு ஜாவித் பாய் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தவர், ஃபியூஸ் போயிடுச்சாம்மா என்று கேட்டார். ஆமாம் பாய் என்றேன். உள்ளே வந்தபோது இன்னொரு தடவை கூப்பிட்டான். நான் ஜெபமாலையின் நான்காவது காரணிக்கத்தில், நான்காவது பத்து மணிகளில் இருந்தேன். அதைப் பாதியில் விடக்கூடாது, மேடம். ஐந்தாவதையும் முடித்தேன். பிறகு மெயினை ஏற்றிவிட்டு, சித்திக்கு போன் செய்தேன்.

யாருக்கும் சந்தேகம் வரவில்லை. வந்து பார்த்த டாக்டர் என் தோளைத் தட்டிக்கொடுத்தார். அடக்கத்தன்று கல்லறையில் எத்தனை பேர் என் கையைப் பிடித்தார்கள் தெரியுமா? விரல்கள் வலித்தன.

சித்தி ஊருக்குப் போன பிறகுதான் வீட்டின் அமைதி தெரிந்தது. மெஷினின் சத்தத்துக்குப் பழகிய காது, அது இல்லாத இடத்திலும் அதைக் கேட்கும். சமைக்கும்போது கேட்கும். குழாயைத் திறந்தால் கேட்கும். அந்தச் சத்தத்துக்கு நடுவில் வேறு ஒரு குரலும் கேட்டதால் டிவியைப் போட்டேன். கன்சோல் தானாகவே மீதியையும் இறக்கி முடித்திருந்தது. வெள்ளை வெளிச்சம். இசை. உங்கள் உருவத்தை உருவாக்குங்கள் என்று கேட்டது.

எனக்கு அதெல்லாம் தெரியாது. தப்பித் தப்பிக் கற்றுக்கொண்டேன். மூக்குக்கு ஒரு காலைப்பொழுது ஆனது. தெத்துப்பல்லைக் கண்டுபிடித்தபோது சிரித்தேன். நீலச் சட்டை இருந்தது. நாற்காலி வேண்டுமா என்ற இடத்தைத் தாண்டிப் போனேன். கடைசிப் பொத்தானை அழுத்தியதும் மார்ட்டின் எழுந்து நின்றான்.

எத்தனை ஆகஸ்டு நடந்திருக்கிறேன். அன்றைக்குத்தான் தரையில் விழுந்து மாதாவுக்கு நன்றி சொன்னேன்.

அவன் பெயரில் திறந்தால் அவன் வந்திருப்பதாக நண்பர்களுக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரியாது. அன்று மத்தியானமே மைதிலி வாசலில் நின்றாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. திரையையே பார்த்தாள்.

"மார்ட்டின் நிக்கமாட்டான்க்கா. இது உங்க ஆளு" என்றாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்: "அன்னிக்குக் கரண்ட் எப்ப வந்துச்சு?"

அவள் ஜாவித் பாய் வீட்டுக்குப் போனாள். அவர் ஃபியூஸ் போனதைச் சொல்லியிருப்பார், அங்கிருந்து உங்களிடம் வந்திருக்கிறாள். அவள்மேல் எனக்கு வருத்தம் இல்லை. அவளுக்கு அவனைக் கொஞ்ச காலமாகத்தான் தெரியும்.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். அவன் சும்மா நிற்பதில்லை. ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறி நிற்பான். நெஞ்சு ஏறி இறங்கும். சில சமயம் என்னைப் பார்த்து வாயைத் திறந்து மூடுவான், மறுபடி திறந்து மூடுவான், சத்தம் வராது. டிவியின் ஒலியை முழுக்கக் கூட்டிப் பார்த்தேன், வரவில்லை. எல்லா உருவங்களும் அப்படித்தான் செய்யும் என்று உங்கள் கான்ஸ்டபிள் தம்பி சொன்னார். இருக்கலாம். எனக்கு நன்றி சொல்கிறான் என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

கன்சோலை சாட்சிப் பொருளாக எடுத்துப் போவதாகச் சொன்னார்கள். எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் அதை யாரும் அணைத்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், மேடம். இப்போதுதான் அவன் யாருடைய உதவியும் இல்லாமல் மூச்சு விடுகிறான்.