படகு தேறிவிட்டது

— அக்காகிட்ட, "கல்யாணமானதும் உன்னைப் படகுல கூட்டிட்டுப் போவேன்"னு சொன்னீங்க அத்தான். அக்கா, "யார் ஓட்டுவா?"ன்னு கேட்டா. "நான்தான், பின்னே உன் தம்பியா?"ன்னீங்க. பக்கத்துல நின்ன எனக்குச் சுருக்குன்னுச்சு. பதினஞ்சு வருஷமாச்சு.

— அதை இப்ப எதுக்குக் கிளறுறீங்க மாப்ளே? படகைச் சோதிக்க வந்த வேலையைப் பாருங்க.

— பாத்தாச்சு. தாயும் பிள்ளையுமானாலும் வாயும் வயிறும் வேற. அக்கா புருஷன்னு பாக்காம போன ஏழு வருஷச் சோதனையிலயும் உங்க படகுக்குச் சான்றிதழ் இல்லைன்னேன். ஒரு வருஷம் விசிலைக் காணோம். ஒரு வருஷம் தண்ணி இறைக்கற வாளி. போன வருஷம் லைஃப் ஜாக்கெட். இந்த வருஷம் எல்லாம் இருக்கு. படகு பாஸ்.

— அவசரப்படாதீங்க. தீயணைப்பான் காலாவதியாகியிருக்கும், நல்லாப் பாருங்க.

— இன்னும் மூணு வருஷம் இருக்கு அத்தான்.

— விசிலு?

— ஊதினேன். எதிர்க்கரையில தூங்கிட்டிருந்த நாய் எழுந்து நின்னுச்சு.

— இந்தக் கயிறு மெலிசா இருக்கே மாப்ளே.

— யானையைக் கட்டலாம்.

— அப்ப யானையைக் கட்டிப் பாத்துட்டு அடுத்த வருஷம் குடுங்க.

— பாஸான பையன், என்னை ஃபெயிலாக்குங்கன்னு வாத்தியார் காலைப் பிடிக்கறதை இன்னிக்குத்தான் பாக்கறேன். அங்க பாருங்க, அக்கா வீட்டுலேருந்தே லைஃப் ஜாக்கெட் மாட்டிட்டு வர்றா.

— தெருவே சிரிச்சுதுடா தம்பி. சிரிக்கட்டும். ஏங்க, ஏறலாமா?

— வீட்டைப் பூட்டினியான்னு ஒரு எட்டு பாத்துட்டு வந்துடறேம்மா.

— பூட்டிட்டேன். கேஸையும் மூடிட்டேன். ஏங்க, குளியலறையில தொட்டி நிறைஞ்சாலே வெளிய வந்து நிக்கறவர் நீங்க. எனக்குத் தெரியாதா?

— தெரிஞ்சா ஏம்மா என்னைப் படகு வாங்க விட்டே?

— நீங்களே வாயைத் திறப்பீங்கன்னு இருந்தேன். திறக்கலை. அதான் வருஷா வருஷம் சோதனைக்கு முந்தின நாள் ஒண்ணொண்ணா எடுத்து ஒளிச்சு வெச்சேன்.

— நீயா? எலி இழுத்துட்டுப் போச்சுன்னு ஏழு வருஷமா எலிக்கு நன்றி சொல்லிட்டிருந்தேனே.

— எலி வாளியைத் தூக்கிட்டுப் போகுமா அத்தான்? அக்கா, அரசாங்கச் சோதனையை உன் புடவை அலமாரியில வெச்சுப் பூட்டியிருக்கே.

— நீ சும்மா இருடா. இந்த வருஷம் எடுக்கலைங்க. அலமாரியிலயும் இடமில்லை, எனக்கும் பொறுமையில்லை.

— காலேஜ்ல நீச்சலுக்கு மெடல் வாங்கினவகிட்ட, தண்ணின்னா எனக்குத் தொடை நடுங்கும்னு எப்படிம்மா சொல்லுவேன்?

— இப்பச் சொல்லிட்டீங்களே.

— ஆமா, வாயில வந்துடுச்சு. மாப்ளே, கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்குங்க.

— திரும்பிட்டேன் அத்தான்.

— படகு இங்கேயே கிடக்கட்டும். முழங்காலளவு தண்ணி போதும்... எனக்கு நீச்சல் கத்துக் குடும்மா.