நிற்காமல் ஓடிய தறி

1. செவ்வாய், பகல் 2.10. எதிர்வீட்டுத் தறியின் சத்தம் நிற்கிறது.
2. 2.11. கஸ்தூரி அக்கா ஜன்னலில் நின்று கத்துகிறார். "ரேவதி! விரல்ல மாட்டுற மெஷின எடுத்துக்கினு ஓடியாம்மா!"
3. 2.12. ஓடுகிறேன். காலில் செருப்பில்லை.
4. 2.13. அக்காவின் கணவர் ஏகாம்பரம் மாமா தறிக்குழிக்குப் பக்கத்தில் பாயில் கிடக்கிறார். உதடு நீலம்.
5. 2.14. ஆக்ஸிமீட்டரில் 58. வேறு விரலில் 56.
6. 2.15. ஆம்புலன்ஸுக்கு அழைக்கிறேன். எல்லா வண்டிகளும் ஓட்டத்தில் இருக்கின்றன. அக்கா ஆட்டோ தேடித் தெருவில் ஓடுகிறார். யாரோ கத்துகிறார்கள். "வெளிய வராதீங்கபா! ஜுரம் வந்த வூடு!" கதவுகள் சாத்தப்படுகின்றன. எண்ணுகிறேன். ஏழு.
7. 3.05. மூச்சு நிற்கிறது.
8. 3.40. வண்டி வருகிறது.

அது கொரோனாவின் இரண்டாம் அலை. மே மாதம். காஞ்சிபுரத்தில் எங்கள் தெருவில் பதினெட்டுத் தறிகள். நான் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் டெக்னீஷியன்; அந்த மாதம் இரவு ஷிப்ட், பகலில் வீட்டில். தெருவில் ஆக்ஸிமீட்டர் என்னிடம் மட்டும்தான் இருந்தது.

யாரும் உண்மை சொல்லவில்லை. இருமல் வந்தால் டிவி சத்தத்தைக் கூட்டினார்கள். கஷாய வாடை வந்தால் ஊதுவத்தி கொளுத்தினார்கள். கேட்டால், "வெயில் சூடும்மா, வேற ஒண்ணுமில்ல." நான் நம்பவில்லை. ஒருவரையும் நம்பவில்லை.

ஆனால் தறி பொய் சொல்லாது என்று நினைத்தேன்.

நெய்கிறவர் படுத்தால் தறி நிற்கும். அதனால் சத்தத்தைக் கேட்டுக் குறித்தேன். வீடு, நேரம், ஓடுகிறது அல்லது நின்றது. நின்ற வீடுகளுக்கு ஆக்ஸிமீட்டரோடு போகலாம் என்று திட்டம். பட்டியலைத் தெரு வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். உதவி என்றுதான் போட்டேன்.

மறுநாள், பட்டியலில் முதலாவதாக இருந்த வீட்டுக்குப் பால் போகவில்லை. தண்ணீர்க் குழாயில் அவர்கள் குடத்தை யாரோ காலால் தள்ளிவிட்டார்கள். அதற்கு மறுநாள் நின்றிருந்த தறிகள் எல்லாம் ஓடின. பட்டியல் சுத்தமாக இருந்தது. நோய் குறைகிறது என்று எழுதினேன்.

கல்லூரியில் 1918இன் இன்ஃப்ளூயன்ஸா பற்றிப் படித்திருக்கிறேன். உலகம் முழுக்கப் பரவியது. போரில் இருந்த நாடுகள் நோய்ச் செய்தியை மறைத்தன. பாடப்புத்தகத்தின் ஓரத்தில் 'வெட்கம் கெட்டவர்கள்' என்று எழுதியிருந்தேன்.

எதிர்வீட்டுக்கு ஒன்பது நாள் குறிப்பு இருந்தது. ஒன்பதும் 'ஓடுகிறது'. ஒருநாள் அக்கா ஜன்னல் வழியே கத்தினார். "இன்னாம்மா இன்ஸ்பெக்டரு, எங்கூட்டுத் தறிச் சத்தம் போதுமா?" சிரித்தேன். அவர் சிரித்தாரா என்று பார்க்கவில்லை.

ஐந்தாம் நாள் குறிப்பு: '10.00 முதல் 1.00 வரை நிற்கவில்லை. நல்ல வேகம்.'

அதை அன்றே படித்திருக்க வேண்டும். நான் தறிச் சத்தத்தில் வளர்ந்தவள். நெய்யும் தறி நிற்கும். மே மாத வெயிலில் பட்டு இழை காய்ந்து அறும். முடிச்சுப் போட வேண்டும். குறுக்கே ஓடும் நாடாக் கட்டையில் நூல் தீரும். மாற்ற வேண்டும். மூன்று மணி நேரம் நிற்காமல் ஓடும் தறியில் நூல் இல்லை.

உள்ளே போனபோதுதான் பார்த்தேன். தறியில் நீளவாக்கில் கட்டும் பாவு நூல் முடிந்து பல நாளாகியிருந்தது. ஊரடங்கில் புதுப் பாவு வரவில்லை. இத்தனை நாளும் அக்கா வெறும் தறியில் உட்கார்ந்து, வலது கையால் தறிப் பலகையை அடித்துக்கொண்டிருந்திருக்கிறார். இடது கை மாமாவின் நெற்றியில் ஈரத்துணியை மாற்றிக்கொண்டிருந்திருக்கிறது. காலை முதல் மாலை வரை. என் காதுக்காக.

அன்று மாலையே மற்ற வீடுகளுக்கும் போனேன். கதவைத் தட்டிச் சொன்னேன். "பட்டியல அழிச்சிட்டேன்! விரல மட்டும் நீட்டுங்க!" நாலு வீடுகளில் ஜன்னல் கம்பி வழியே விரல் வந்தது. முகம் வரவில்லை. நாலு வீட்டிலும் வெறும் தறி. இருவரை அன்றே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். ஒருவர் திரும்பினார்.

இப்போது அக்கா மறுபடி நெய்கிறார். தறி நிற்கும்போதெல்லாம் என் ஜன்னலைப் பார்த்துக் கத்துகிறார். "இழை அறுந்துடுச்சும்மா! எழுதிக்கோ!" வேடிக்கைக்குச் சொல்கிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்டதில்லை.

போனவர்கள்: ஏகாம்பரம் மாமா, ஐம்பத்திரண்டு வயது. கடைசி வீட்டுச் சரோஜா அம்மாள், அறுபத்தெட்டு. இருவர். போனது: கையில் மெஷினோடு என் ஜன்னலில் நான் உட்கார்ந்திருந்த ஒன்பது நாட்கள். தெருவில் இன்று பதினேழு தறிகள் ஓடுகின்றன. என்னிடம் பட்டியல் இல்லை. ஆக்ஸிமீட்டர் இருக்கிறது. அதைக் கேட்டு இதுவரை யாரும் வரவில்லை.