பழைய அளவு

உங்கள் சட்டையின் இடது தோள் அரை விரல் இறங்கியிருக்கிறது, இன்ஸ்பெக்டர் ஐயா. தைத்தவன் மேல் தப்பில்லை. நீங்கள் அந்தத் தோளில் பை மாட்டுகிறவர். அளவு கொடுக்கும்போது மட்டும் நிமிர்ந்து நின்றிருப்பீர்கள். எல்லோரும் அப்படித்தான். டேப்பைக் கண்டதும் வயிற்றை உள்ளே இழுக்காத மனிதனை முப்பத்தோரு வருஷத்தில் நான் பார்த்ததில்லை.

கேட்டதற்கு வருகிறேன். அவசரப்படுத்தினால் தையல் கோணும்.

நான் துணிக்கடைத் தெருவில் வளர்ந்தவன். எங்கள் தெருவில் பிள்ளைகள் 'அம்மா' சொல்வதற்கு முன்பே 'கட்டுப்படியாகாது' என்று சொல்லும். அந்தத் தெருவுக்கு ஒரே சட்டம்: கண்ணாடி முன் நிற்கிறவரிடம் உண்மையைச் சொல்லாதே. இடுப்பு பெருத்திருந்தால், துணி சுருங்கிவிட்டது என்று சொல். துணிக்கு மானம் இல்லை, கோபித்துக்கொள்ளாது.

கடையின் பின்பக்கம் எட்டுக்குப் பத்தில் என் அறை. அந்த மூவருக்கும் அங்கேதான் கோட்டு தைத்தேன். பறக்கிறவனைப் பருந்து என்போம். லாரியைத் தூக்கி நிறுத்துகிறவன் சம்மட்டி. உள்ளங்கையிலிருந்து மின்சாரம் பாய்ச்சுகிறவள் மின்னல். பத்திரிகைகள் இன்னும் பெரிய பட்டங்கள் கொடுத்திருந்தன; அளவு நோட்டில் அவை கொள்ளவில்லை. எனக்கு அவர்கள் வைத்த பெயர் பொத்தான். ஏனப்பா என்று ஒருமுறை கேட்டேன். "நீ இல்லன்னா எல்லாம் அவிழ்ந்துடும்ல, அதான்" என்றான் சம்மட்டி. மூவரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வாயில் குண்டூசி இருந்ததால் கொஞ்சமாகச் சிரித்தேன்.

சண்டைக்கு முன்னால் அவர்களுக்கு ஒரு முறை உண்டு. ஒவ்வொருவராக என் அறைக்கு வருவார்கள். இன்றைய தேதியில் தன்னால் எவ்வளவு முடியும் என்பதை என்னிடம் மட்டும் சொல்வார்கள். அதை நான் சாக்கட்டியால் கோட்டின் உள் லைனிங்கில் எழுதுவேன். பிறகு மூன்று கோட்டையும் மேஜையில் விரித்து, அந்த மூன்று எண்களை வைத்துத் திட்டம் போடுவார்கள். எழுதிய எண்ணை யாரும் கேள்வி கேட்கக்கூடாது. வீரர்கள் ஒருவர் முகத்தைப் பார்த்து ஒருவர் 'என்னால் முடியாது' என்று சொல்லமாட்டார்கள். காலடியில் உட்கார்ந்து விளிம்பு மடிக்கிறவனிடம் சொல்வார்கள். அவனெல்லாம் ஓர் ஆளா?

பருந்துக்கு மூன்று ஆள் சுமை. சம்மட்டிக்கு எட்டு டன். மின்னலுக்கு இடைவிடாமல் ஐந்து நிமிடம். இவை பழைய அளவுகள்.

ஒன்பது வருஷத்துக்கு முன் அணியைக் கலைத்தார்கள். அதுவும் என் அறையில்தான். நான் மண்டியிட்டு மின்னலின் கோட்டு விளிம்பில் ஊசி குத்திக்கொண்டிருந்தேன். பேச்சு என் தலைக்கு மேலே நடந்தது. முடித்துக் கை குலுக்கிக்கொண்டார்கள். பருந்து கீழே பார்த்து, "அண்ணே, அதை விட்டுடுங்க, இனிமே தேவைப்படாது" என்றான். ஊசிகளைத் திரும்ப எடுத்தேன். பதினான்கு இருந்தன.

அதன்பின் ஒருவரும் வரவில்லை. பொத்தான் அறுந்தது என்றுகூட வரவில்லை. நான் பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைத்தேன். மாதம் ஒருமுறை மூன்று கோட்டையும் தட்டி வெயிலில் போடுவேன். "செத்தவங்க துணிக்குக்கூட இவ்வளவு மரியாதை கிடையாதுங்க" என்பாள் என் மனைவி. அவளுக்கு வாய் கொஞ்சம் நீளம். ஆனால் அளவு தப்பாது.

கோபமா என்று கேட்கிறீர்கள். கடைக்காரனுக்குக் கோபம் வந்தால் ஷட்டரை இறக்க வேண்டியதுதான்.

பிறகு கூட்டணி வந்தது. மயக்கப் புகை விடும் பல் டாக்டர், எந்த இடுக்கிலும் ஒழுகிப்போகும் பாதரசம், கத்தினால் கண்ணாடி நொறுங்கும் மாமியார். தனித்தனியாக இருந்தபோது ஒருவருக்கு ஒருவர் குழி தோண்டியவர்கள், இப்போது ஊரை மூன்று தொகுதியாகப் பங்கு போட்டுக்கொண்டார்கள். ஊர் நடுங்கியது. பருந்து, சம்மட்டி, மின்னல் மூவரும் மறுபடி சேர்ந்தார்கள். கோட்டைச் சரிசெய்ய என்னிடம் வந்தார்கள். பதினாறு நாள் வந்தார்கள், தனித்தனியாக. பதினான்காம் நாள், செவ்வாய்க்கிழமை, கூட்டணி நீரேற்று நிலையத்தைப் பிடித்தது. ஊருக்குத் தண்ணீர் நின்றது. அங்கே வேலை பார்த்த மோட்டார் ஆட்கள் மூன்று பேரை மொட்டைமாடித் தொட்டியோடு கட்டிப்போட்டார்கள். அந்த மூவரை உயிரோடு இறக்குவதுதான் வேலை.

வியாழக்கிழமை எண் எழுதும் நாள். முதலில் பருந்து வந்தான். ஏற்கெனவே பிரித்துவிட்ட கோட்டை மாட்டினால் இன்னும் முன்பக்கம் நான்கு விரல் சேரவில்லை.

"துணி சுருங்கிடுச்சு தம்பி, ராத்திரி விட்டுத் தைச்சிடறேன்" என்றேன்.

"அண்ணே, மூணுன்னே போடுங்க."

"எத்தனை முடியும்?"

என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்: "ஒண்ணு. அதுவும் ஒல்லியா இருக்கணும். ஒண்ணுன்னு எழுதினா அவங்க ரெண்டு பேரும் என்னை வீட்லயே விட்டுட்டுப் போயிடுவாங்கண்ணே."

மூன்று என்று எழுதினேன்.

அடுத்தது சம்மட்டி. இடது கையால் அவனுக்குப் பொத்தான் போட முடியவில்லை. நான் போட்டுவிட்டேன். "இந்தக் கை இப்ப சும்மா துணைக்குத் தொங்குது, பொத்தான்" என்றான். "வெளிய சொல்லிடாத. பருந்து எப்படி இருக்கான்?"

"அப்படியே இருக்கார்."

"மின்னல்?"

"முன்னைவிட ஜாஸ்தி."

"அப்ப எட்டே இருக்கட்டும். அவங்க பார்த்துப்பாங்க."

மின்னலும் அதையே கேட்டாள், பழைய அளவையே எழுதினேன் என்று நேற்று சொன்னேன். அவள் வாக்குமூலம் உங்கள் மேஜையில் இருப்பதால் இன்று அதைத் திருத்திக்கொள்கிறேன். அவள் அப்படிக் கேட்கவில்லை.

வந்தவுடனே சொன்னாள்: "அண்ணா, நாற்பது செகண்ட். அதுக்கு மேல வரமாட்டேங்குது. பெரிசா எழுதுங்க, எல்லாருக்கும் தெரியட்டும். மூணு உயிர் மேல உட்கார்ந்திருக்கு."

நான் சாக்கட்டியைக் கீழே வைத்தேன். எங்கள் தெருவில் பேரம் என்றால் விலையை இறக்குவது. நான் அன்று ஏற்றினேன்.

"எழுதிடலாம்மா. ஆனா அவங்க ரெண்டு பேரும் பழைய அளவு. நீ மட்டும் நாற்பது செகண்ட்னா, அவங்க மனசு உடைஞ்சிடாதா?"

"நிஜமாவே பழைய அளவா?"

"நான் எதுக்கும்மா பொய் சொல்றேன்?"

"அப்ப ஒரு நிமிஷம்னு போடுங்க."

"ஒரு நிமிஷத்துக்கு யாரும் திட்டம் போட முடியாதும்மா."

"ரெண்டு?"

"அவசரம்னு வந்தா உடம்பு தானா கொடுக்கும். போன தடவையும் நீ இப்படித்தான் பயந்த."

ஐந்து என்று எழுதும்போது அவள் தலையைத் திருப்பிக்கொண்டாள். அது சம்மதம்தான். வாடிக்கையாளர் தலையைத் திருப்பினால் துணியைக் கிழிக்கலாம் என்பார்கள் எங்கள் தெருவில்.

சாயந்தரம் மூன்று கோட்டையும் மேஜையில் விரித்தார்கள். மின்னல் நிலையத்தின் இரும்பு ஷட்டர் மோட்டாருக்கு மின்சாரம் கொடுத்து ஐந்து நிமிடம் தூக்கி வைப்பாள். சம்மட்டி உள்ளே போய்க் கூட்டணியை மாடிக்கு ஏறவிடாமல் தடுப்பான். ஷட்டர் இறங்கினால் தாங்கிக்கொள்வான். அதற்குள் பருந்து மூன்று பேரையும் ஒரே தூக்கில் மாடியிலிருந்து கொண்டுபோவான். அழகான திட்டம். ஒரு தையல் விட்டால் மொத்தமும் பிரியும். ஒவ்வொருவரும், நான் ஒருத்தன்தானே குறைவு, மற்ற இரண்டு பேர் ஈடுகட்டுவார்கள் என்று தலையாட்டினார்கள். மூன்று பேரின் உண்மையும் தெரிந்தவன் அந்த அறையில் ஒருவன்தான். அவன் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தான்.

இன்னொன்றும் இருக்கிறது. நீங்கள் எப்படியும் தோண்டி எடுப்பீர்கள், நானே கொடுத்துவிடுகிறேன்.

கூட்டணியின் கோட்டுகளையும் நான்தான் தைத்தேன். ஒரே மாதிரி மூன்று வேண்டும் என்று வந்தார்கள். நிறம் பேசவே இரண்டு மணி நேரம் ஆனது. மாமியாருக்குச் சிவப்பு. பல் டாக்டருக்கு வெள்ளை, தொழில் மரியாதையாம். "வெள்ளையில ரத்தம் பட்டா யார் துவைக்கிறது, உங்க அப்பனா?" என்று கேட்டாள் மாமியார். என் நிலைக்கண்ணாடி அன்று போனதுதான். கடைசியில் யாருக்கும் பிடிக்காத பழுப்பு. கோட்டு நிறத்தில் சேராதவர்கள் ஊரைச் சேர்ந்து ஆள்வார்களா என்ன.

புதன்கிழமை பாதரசம் மட்டும் சாக்கடைக் குழாய் வழியாக நிலையத்திலிருந்து ஒழுகி வந்தான், கை நீளம் குறைக்க. "ஞாயித்துக்கிழமையோட நான் கழண்டுக்கறேன்" என்றான். "அந்தம்மா கூட ஒரே கூரையில இருக்கிறதுக்கு ஜெயில் மேல்." உள்ளே சாப்பாடு கொண்டுபோகிறவன் அவன்தான். அவன் போனால் மற்ற இரண்டு பேரும் பசித்துக் கதவைத் திறந்திருப்பார்கள். ஒருவரும் சண்டை போட வேண்டியிருந்திருக்காது.

திட்டம் முடிந்ததும் பருந்து கேட்டான்: "அண்ணே, ரெண்டு மூணு நாள் பொறுத்துப் பார்க்கலாமா?"

"பொறுத்தா அவங்க பலமாயிடுவாங்க தம்பி. ஒரே துணியில வெட்டின மாதிரி இருக்காங்களாம். நாளைக்கே முடிச்சிடுங்க" என்றேன்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குப் போனார்கள். நான் எதிர்க் கட்டடத்து மாடியில் நின்றேன். தைத்த துணி அசைவில் எப்படி நிற்கிறது என்று பார்ப்பது தொழில். நாற்பத்திரண்டாவது வினாடியில் மின்னலின் கைகள் கருகி, ஷட்டர் இறங்கியது. சம்மட்டி பழக்கத்தில் இடது கையைத்தான் முதலில் கொடுத்தான்; அந்தக் கையோடு அவனும் அடியில் போனான். மேலே பருந்து அந்த மூவரையும் சேர்த்து அணைத்துக்கொண்டான். கோட்டில் மூன்று என்று இருந்தது, அவர்களும் அவனை நம்பிக் கழுத்தைக் கட்டிக்கொண்டார்கள். விளிம்பைத் தாண்டிப் பத்தடிகூடப் போகவில்லை, நால்வரும் தரைக்கு வந்துவிட்டார்கள். முன்பக்கப் பொத்தான்கள் கடைசிவரை தெறிக்கவில்லை, அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

மோட்டார் ஆட்கள் மூன்று பேர் என்னய்யா பாவம் செய்தார்கள் என்று கேட்கிறீர்கள். வருத்தம்தான். ஆனால் அவர்களை நான் அளவெடுத்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை பாதரசம் சொன்னபடியே போய்விட்டான். சொன்ன தேதியில் சொன்னதைச் செய்தவன் அவன் ஒருவன்தான்.

ஏன் என்கிறீர்கள். அந்தப் பதினாறு நாளும் அவர்கள் ஒருவரோடு ஒருவர் பேசவில்லை. என்னிடம் பேசினார்கள். பருந்து வீட்டில் யாருக்கும் தெரியாமல் படியேறி மூச்சு வாங்குவதைச் சொன்னான். சம்மட்டி என் தோளில் சாய்ந்து அழுதான். மின்னல் தன் மகளிடம்கூடக் காட்டாத கைகளை என்னிடம் காட்டினாள். மூன்று உண்மையையும் மேஜையில் விரித்திருந்தால் மூவரும் கட்டிப்பிடித்துக்கொண்டு சமாதானமாகியிருப்பார்கள். வேறு திட்டம் போட்டிருப்பார்கள், ஜெயித்திருப்பார்கள், கை குலுக்கியிருப்பார்கள். நான் மறுபடி யூனிஃபார்ம் தைத்திருப்பேன். ஆகவே செய்தேன். சாகட்டும் என்று நினைத்துத்தான் ஐந்து என்று எழுதினேன். சரியாக எழுதிக்கொள்ளுங்கள்.

மின்னல் ஆஸ்பத்திரியில் என் பெயரைக் கேட்டாலே முகத்தைச் சுவர் பக்கம் திருப்புகிறாள் என்கிறீர்கள். வலி அப்படித்தான் பேசவைக்கும். கைக்கட்டைப் பிரித்ததும் அவளை அனுப்பிவையுங்கள், அளவு மாறியிருக்கும். வருவாள் ஐயா. மனம்விட்டுப் பேச இப்போது அவளுக்கு என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?