மறுபடி கூப்பிட்டால் போகலாம்

டாக்டருக்கும் தூக்கம் வரும் என்பதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. நீங்களும் நம்ப மாட்டீர்கள், பரவாயில்லை. நீங்கள் கேட்டு எழுதிக்கொள்ள வந்தவர், நான் சொல்லக் கடமைப்பட்டவன். நிதானமாகவே சொல்கிறேன். எனக்குப் பதற்றமெல்லாம் ஒன்றும் இல்லை.

எங்கள் ஊரில் நாங்கள் ஆறு குடும்ப டாக்டர்கள். முன்பெல்லாம் கிளினிக்கைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போனாலும் அவரவர் நோயாளி அவரவர் தலையில்தான். சாப்பாட்டில் கை வைத்தால் போன் வரும். ஒருமுறை எங்களில் ஒருவர், ரொம்ப நல்ல மனிதர், நோயாளியின் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தபடியே தூங்கிப்போனார். நோயாளி பயந்துபோய் அசையாமல் படுத்திருந்தாராம், தன் நெஞ்சில் என்னவோ பெரிய கோளாறு என்று. அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். ஆனால் உள்ளுக்குள் எல்லோருக்கும் பயம்தான்.

அதனால்தான் நான் அந்த ஏற்பாட்டைக் கொண்டுவந்தேன். எல்லோருக்கும் பொதுவாக ஒரே ஒரு கைபேசி. கிளினிக் மூடிய நேரத்திலும் விடுமுறை நாட்களிலும் ஊர் முழுக்க அந்த எண்ணைத்தான் கூப்பிட வேண்டும். முறை போட்டு, ஒருவர் கையிலிருந்து அடுத்தவர் கைக்கு அந்தப் போன் போகும். மற்ற ஐந்து பேரும் காலை நீட்டிப் படுக்கலாம்.

ஆரம்பத்தில் அதுவும் உருப்படவில்லை. ஓசியில் கிடைத்த டாக்டர் என்று கண்டதற்கெல்லாம் கூப்பிட்டார்கள். விக்கல் நிற்கவில்லை என்பான் ஒருவன். மாத்திரையைப் பாலில் போடலாமா, மோரில் போடலாமா என்பாள் ஒருத்தி. மண்டை காய்ந்துவிட்டது. அப்போதுதான் அந்த விதியைச் சேர்த்தேன். முதல் தடவை கூப்பிட்டால் போனிலேயே யோசனை சொல்வது. அதே ஆள் மறுபடி கூப்பிட்டால் மட்டும் கிளம்பிப் போவது. நிஜமாகவே முடியாதவன் மறுபடி கூப்பிடாமல் இருப்பானா என்ன.

விதி பிரமாதமாக வேலை செய்தது. முக்கால்வாசிப் பேர் மறுபடி கூப்பிடவே இல்லை. சக டாக்டர்களின் மனைவிமார்கள் என்னைக் கையெடுத்துக் கும்பிடாத குறை. பக்கத்து ஊர்களிலிருந்து வந்து கேட்டுக்கொண்டு போனார்கள். என் ஆயுளில் நான் செய்த ஒரே பெரிய காரியம் அதுதான். அதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சம் இல்லை.

தையல்காரர் ஒருவர் இறந்தார். அவர் மனைவி சாயங்காலம் கூப்பிட்டிருந்தாள், என்னிடம்தான். அதற்குப் பிறகு கூப்பிடவில்லை. விடிந்ததும் துக்கம் விசாரிக்கப் போனபோது, ஏனம்மா மறுபடி கூப்பிடவில்லை என்று கேட்டேன். "நீங்க பெரிய டாக்டர். ஒரு தடவை சொன்னதுக்கப்புறம் திரும்பத் திரும்ப தொந்தரவு பண்றது நல்லா இருக்காதுன்னு இவருதான் வேண்டாம்னுட்டாரு" என்றாள். எனக்குக் காப்பி வேறு போட்டுக் கொடுத்தாள்.

நான் முட்டாள் இல்லை. என் விதி நோயாளியையும் நோயில்லாதவனையும் பிரிக்கவில்லை, கூச்சப்படுகிறவனையும் கூச்சப்படாதவனையும்தான் பிரித்துக்கொண்டிருந்தது என்பது அன்றைக்கே எனக்கு விளங்கிவிட்டது. விக்கல்காரன் நாலு தடவை கூப்பிட்டு என்னை இழுத்துப்போயிருக்கிறான். மரியாதை தெரிந்தவர்கள் வீட்டில்தான் சாவு விழுந்தது. தையல்காரருக்குப் பிறகும் சிலர். ஆனால் ஒன்று யோசித்துப் பாருங்கள். ஆறு டாக்டர்கள் நன்றாகத் தூங்கி எழுந்து நாளெல்லாம் எத்தனை பேரைப் பார்க்கிறார்கள். கூட்டிக் கழித்துப் பார்த்தால் ஊருக்கு லாபம்தான். அதனால் நான் வாயைத் திறக்கவில்லை.

பிறகு அந்தப் பெண் வந்தாள். எங்களில் வயதான ஒருவர் ஓய்வு பெற்றதும் அவர் இடத்துக்கு வந்த சின்ன டாக்டரம்மா. முதல் தடவை கூப்பிட்டாலே கிளம்பிவிடுவாள். நாங்கள் அவளுக்கு 'சைரன்' என்று பட்டப்பெயர் வைத்தோம். அவளும் கூடச் சேர்ந்து சிரித்தாள். சிரித்துக்கொண்டே போய்க்கொண்டும் இருந்தாள். நாளடைவில் நாங்கள் போனை எடுத்ததும் ஜனங்கள், "இன்னைக்கு யாரு முறைங்க?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். என் குரல் கேட்டால், சரிங்க, நாளைக்குப் பார்த்துக்கறோம் என்று வைத்துவிடுவார்கள். இத்தனை வருஷம் வைத்தியம் பார்த்த எனக்கு அது எப்படி இருக்கும். எரிந்தது, மறைப்பானேன்.

அதோடு விட்டாளா. தையல்காரர் வீட்டுக்குப் போயிருக்கிறாள். இன்னும் சில வீடுகளுக்கும். அடுத்த டாக்டர்கள் கூட்டத்தில் என் முகத்தைப் பார்த்தே சொன்னாள். "மறுபடி கூப்பிடாதவங்க எல்லாம் குணமாயிட்டாங்கன்னு நாமளா நினைச்சுக்கிட்டோம் சார். நான் போய்ப் பாத்தேன். குணமாகல." மரியாதையாகத்தான் சொன்னாள். என்னோடு வயதானவர்கள் மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வரும் திங்கட்கிழமை கூடி விதியை எடுத்துவிடலாமா என்று முடிவெடுப்பதாக ஏற்பாடு. எடுத்துவிடுவார்கள் என்று எனக்குத் தெரியும். எடுத்தால், ஏன் எடுத்தீர்கள் என்று ஊர் கேட்கும். அப்புறம் நான் யார்? பெரிய டாக்டர் இல்லை, தையல்காரரைச் சாகவிட்டவன்.

அந்தத் திங்களுக்கு முந்தைய ஞாயிறு என் முறை. சாப்பிட்டு முடித்த நேரம். ஊர்க்கோடிக்கும் அப்பால், மலையடிவாரத்திலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள், குழந்தைக்குக் காய்ச்சல் என்று. சின்ன டாக்டரம்மாவின் சொந்த எண்ணைக் கொடுத்து, அவங்களைக் கூப்பிடுங்க, உடனே வருவாங்க என்றேன். அப்படிச் சில வாரங்களாகவே செய்து வந்தேன். அலைந்து அலைந்து ஓயட்டும், தூக்கத்தின் அருமை அவளுக்கும் தெரியட்டும் என்றுதான். வேறு கெட்ட எண்ணம் அப்போது இல்லை.

கொஞ்ச நேரத்தில் சின்ன டாக்டரம்மாவின் கணவர் கூப்பிட்டார். பள்ளிக்கூட வாத்தியார், சாது. டாக்டர்கள் தங்கள் வீட்டு ஆட்களுக்குத் தாங்களே வைத்தியம் பார்ப்பதில்லை, எங்கள் தொழிலில் அப்படி ஒரு வழக்கம். அதனால் அவருக்கு நான்தான் டாக்டர். அவருடைய ரத்தக் கொதிப்பும் சர்க்கரையும் எனக்கு மனப்பாடம்.

"சார், ஞாயித்துக்கிழமையும் அதுவுமா தொந்தரவு பண்றேன், மன்னிச்சுக்குங்க. நெஞ்சுல ஏதோ பாறாங்கல்லத் தூக்கி வெச்ச மாதிரி இருக்கு. இடது கை வேற மரத்துப்போகுது."

"வேர்க்குதா?"

"சட்டையெல்லாம் நனைஞ்சிருச்சு சார். இவ மலைப்பக்கம் போயிருக்கா, போன் கிடைக்கல. ஆம்புலன்சைக் கூப்பிடட்டுமா?"

மருத்துவக் கல்லூரியில் முதல் வருஷம் படிக்கிறவன்கூட அதைக் கேட்டதும் எழுந்து ஓடியிருப்பான். எனக்கும் தெரிந்தது. அவர் வீடு எங்கள் தெருமுனை தாண்டி. என் பை கதவுக்குப் பின்னால் மாட்டியிருந்தது.

"அதெல்லாம் வேண்டாம், அலட்டிக்காதீங்க. வாயுதான். வெந்நீர் குடிச்சிட்டுக் கொஞ்சம் படுங்க. குறையலேன்னா மறுபடி கூப்பிடுங்க, வரேன்" என்றேன்.

"சரிங்க சார். நீங்க சொன்னதே பாதி குணமான மாதிரி இருக்கு" என்றார்.

அடுப்படியிலிருந்து என் மனைவி, "யாருங்க? கிளம்பணுமா?" என்று கேட்டாள். "வாயுத் தொல்லையாம். மறுபடி கூப்பிட்டா பாக்கலாம்" என்றேன். அவள் பாத்திரத்தைக் கழுவப் போய்விட்டாள். நான் கட்டிலில் படுத்தேன். நன்றாகவே தூங்கினேன்.

சின்ன டாக்டரம்மா திரும்பி வந்தபோது அவர் கூடத்தில் தரையில் கிடந்தாராம், கையில் போனோடு. அவளும் அந்தப் பொது எண்ணைத்தான் முதலில் கூப்பிட்டிருக்கிறாள். பிறகு தானே காரில் ஏற்றிப் போனாள். வழியிலேயே முடிந்துவிட்டது. திங்கட்கிழமைக் கூட்டத்துக்கு அவள் வரவில்லை, எப்படி வருவாள். விதி அப்படியே இருக்கட்டும் என்று மற்றவர்கள் சொல்லிவிட்டார்கள். அவள் மட்டும் முதல் தடவை கூப்பிட்டதுமே ஓடாமல் வீடு தங்குகிறவளாக இருந்திருந்தால், அன்றைக்குப் புருஷன் பக்கத்தில் இருந்திருப்பாள். இதை அவளிடம் துக்கம் கேட்கப் போனபோதே சொன்னேன். என் கையைப் பிடித்திருந்தவள் மெல்ல விட்டுவிட்டாள். அன்றைக்குத்தான் அவளுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

அன்றைக்குப் பொதுப் போனில் சார்ஜ் தீர்ந்துவிட்டது என்று உங்களுக்கு முன்னால் விசாரிக்க வந்தவரிடம் சொல்லியிருந்தேன். அது பொய். அதை மாற்றி எழுதிக்கொள்ளுங்கள். வாத்தியாரிடம் பேசி முடித்ததும் நான்தான் அணைத்து வைத்தேன். கை தவறி இல்லை. பித்தானை அழுத்திப் பிடித்து, வெளிச்சம் அணைகிறவரை பார்த்துக்கொண்டிருந்து, தலையணைக்கு அடியில் வைத்தேன். ஏன் என்றால், அவர் செத்துப்போனால் அவளுக்குத் திங்கட்கிழமை பேச வாய் இருக்காது. அவ்வளவுதான் காரணம்.

ஆனால் ஒன்றை மட்டும் நீங்கள் நியாயமாக எழுத வேண்டும். வாத்தியாருக்காக நான் விதியை வளைக்கவில்லை. என் பாட்டுக்கு விதிப்படிதான் நடந்தேன். அவர் மறுபடி கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தால் போன் அடித்திருக்குமே.