சுரங்கப் பெட்டியின் சிவப்புப் பூச்சு

எனக்குச் சர்க்கரை இல்லாத சாயாதான் பழக்கம், சார். உங்கள் ஸ்டேஷனில் தந்ததைக் குடித்துவிட்டேன். இனி சொல்கிறேன்.

அருமனைக்கு அந்தப் பக்கம் ரப்பர் தோட்டத்துக்குள் ஒரு பழைய சுரங்கம் இருக்கிறது. பென்சிலுக்கான கரியை வெள்ளைக்காரன் காலத்தில் அங்கே தோண்டினார்கள். அந்தச் சுரங்கத்தை மரத்தில் சிறிதாகச் செய்த மாதிரி ஒன்று மிஷன் பள்ளிக்கூடத்திலிருந்து காணாமல் போனது. நானும் என் பால்ய சிநேகிதன் செல்வதாஸும் ஒன்பது வருடம் அதைத் தேடினோம். மாதிரியில் சிவப்புப் பூசிய இடம் ஆழமான தண்ணீர்க்குழி என்று ஒரு பழைய கடிதத்தில் சேர்ந்துதான் படித்தோம்.

சபையில் காணிக்கைப் பொருள்களை ஏலம் விடுகிற அறுப்பின் பண்டிகை வருமே, போன தடவை அதே நாளில், கடற்கரைப் பக்கம் இனயத்தில் ஒரு வீட்டில் மாதிரி இருக்கிறதாம் என்று அவன் என்னை அனுப்பினான். வெயிலில் அலைந்து வெறுங்கையோடு திரும்பினேன். மறுவாரம் சபையில் லீலாபாய் சொன்னாள்: "எங்க பரண்ல கெடந்த மரப்பெட்டிய பண்டிகை ஏலத்துக்குக் குடுத்தேன். தொறந்தா உள்ள குகை குகையா இருக்கும். ஒங்க கூட்டுக்காரரு செல்வதாஸுல்லா ஏலத்துல எடுத்துட்டுப் போனாரு."

ஏலத்துக்கு வரும் பொருள்களை முந்தின நாளே வாங்கி அடுக்குபவன் செல்வதாஸ்தான். பெட்டியைப் பார்த்துவிட்டுத்தான் என்னை இனயத்துக்கு அனுப்பியிருக்கிறான்; என்னிடம் மூச்சுவிடவில்லை. நெஞ்சு வெந்துபோயிற்று, சார்.

அவன் வடசேரிக்குப் போன ஒரு பகலில் அவன் வீட்டுக்குப் போனேன். பெட்டி அலமாரி மேல் இருந்தது. அதைத் திறந்து, பேனாக்கத்தியால் சிவப்பைச் சுரண்டி, மேலே கரி தேய்த்தேன். நகம் அளவு பூச்சுதான். பெட்டி கிடைத்தால் சுரங்கத்துக்குள் போகாமல் இருக்கமாட்டான் என்று எனக்குத் தெரியும்.

சனிக்கிழமை எனக்கு அறுபது முடிந்தது. காலையிலேயே பெட்டியோடு வந்து நின்றான். "ஏலே ரத்தினம், இன்னைக்குத் தரணும்னுதான் ஒளிச்சு வச்சேன் மக்கா. ஒன்ன இனயத்துக்கு அனுப்புனதும் அதுக்குத்தான். ஒங்கூட சேந்து பாக்கணும்னு நானும் இன்னும் தொறக்கல்ல. வா, உள்ள போய்ப் பாப்போம்."

மாட்டிக்கொண்டவன் பேச்சு என்று நினைத்தேன். முட்டுவலி என்று சொல்லிச் சுரங்க வாசலில் நின்றுகொண்டேன். கயிற்றின் ஒரு நுனி அவன் இடுப்பில், மறுநுனி என் கையில். "செவப்பு எங்கயும் இல்லல்லா, நீ பயப்படாத" என்று சொல்லிவிட்டுப் போனான். அப்போதாவது நான் வாய் திறந்திருக்கலாம் என்கிறீர்கள். அவனும்தான் முன்பே திறந்திருக்கலாம்.

கயிறு விறைத்தபோது உள்ளங்கை எரிந்தது. விட்டுவிட்டேன். மூன்று முறை என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். நான் பெட்டியோடு வீட்டுக்கு வந்து குளித்தேன்.

பிறகுதான் பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன். அடியில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. 'கண்டுபிடித்தவர்: ரத்தினம்'. அவன் பெயர் இல்லை. நீங்கள் அதைத்தான் பெரிதாக எடுத்து நீட்டுகிறீர்கள். சார், அதை அவன் பென்சிலால்தான் எழுதியிருந்தான். பிறகு அவனே அதை அழித்துவிட எவ்வளவு நேரம் ஆகும்?