விழா வேண்டாம் என்று எழுதியிருந்தார்

சத்தம். ஒன்று. பிறகு அடுத்தடுத்து மூன்று. காலை பதினொன்று நாற்பது. மேடையில் ஒலிபெருக்கியின் முன் நிற்கிறேன். வரவேற்புரை முடிந்த பிறகுதான் வெடி போட வேண்டும் என்று சொல்லி வைத்திருந்தேன்.

"யாருலே அது? இப்பமே வெடி போடச் சொன்னது யாருலே?"

ஒலிபெருக்கியில் அதட்டுகிறேன். கூட்டம் சிரிக்கிறது. சிலர் கைதட்டுகிறார்கள். எனக்குப் பின்னால் ஒரு நாற்காலி சாய்கிறது. திரும்புகிறேன். மாலை போட்ட மனிதர் ஒருவர் பக்கவாட்டில் கிடக்கிறார். அவருடைய பொன்னாடை நனைகிறது.

கீழேயிருந்து வினு கத்துகிறான். பயணிகளை அழைத்து வந்த வழிகாட்டி. எங்கள் ஊர்ப் பையன். என்னிடம் படித்தவன்.

"சாரே, வெடியில்ல! துப்பாக்கி! படுங்க சாரே, படுங்க!"

குலசேகரத்திலிருந்து பேச்சிப்பாறை போகும் சாலையில் எங்கள் ஊர். தேவாலயத்தின் முன்வெளி. ஆகஸ்ட் மாதம், செவ்வாய்க்கிழமை. மேடையில் ஒன்பது நாற்காலிகள். ஒன்பதிலும் வெளிநாட்டுப் பயணிகள். ஒன்பது மாலை. ஒன்பது பொன்னாடை. கொலைகாரர்களுக்குத் தேடும் வேலையே இல்லை. நாங்களே பிரித்து, உயரத்தில், வரிசையாக உட்கார வைத்திருந்தோம்.

இரண்டு பேர். பைக்கில் வந்தார்கள். ஒருவன் வாசலை அடைத்து நின்றான். மற்றவன் நடுவே நடந்து வந்தான்.

"ஊர்க்காரங்க விலகுங்க! உங்களுக்கு ஒண்ணும் ஆகாது! வெளிநாட்டுக்காரங்க மட்டும்தான்!"

எங்கள் பகுதிப் பேச்சு அல்ல. ஆனால் எல்லோருக்கும் புரிந்தது.

விலகினோம். அதையும் எழுதுகிறேன். முந்நூறு பேருக்கு மேல் இருந்தோம். அவர்கள் இரண்டு பேர். நாங்கள் விலகினோம். நான் மேடையின் இடப்பக்கப் படியில் இறங்கினேன். ஓடவில்லை. கைப்பிடியைப் பிடித்து இறங்கினேன். அவன் துப்பாக்கியைத் தாழ்த்திக் காத்திருந்தான். நான் கடந்ததும் உயர்த்தினான்.

வினு மட்டும் எதிர்ப்பக்கம் ஓடினான். மேடை மேல்.

"ஏலே வினு, போகாதலே! இறங்குலே!"

யார் கத்தினார்கள் என்று தெரியாது. நான் இல்லை.

செண்டைக்காரர்கள் செண்டையைப் போட்டுவிட்டு ஓடினார்கள். ஒரு செண்டையின் தோலில் குண்டு பட்டது. ஒரே அடி. கனத்த ஓசை. அதை இன்றும் கேட்கிறேன். நான்கு நிமிடம். பிறகு பைக் கிளம்பும் சத்தம். பிறகு மேடைக்கு அடியில் ஆங்கிலத்தில் ஒரு பெண் அழும் குரல். வினு கடைசி இரண்டு நாற்காலிகளில் இருந்தவர்களை இழுத்து மேடைத் துணிக்குள் தள்ளியிருந்தான். அவனுடைய வலது முழங்கால் சிதறியிருந்தது.

கொலைகாரர்கள் சொன்ன காரணத்தை எழுத மாட்டேன். யார் பெயரால் வந்தார்கள் என்பதையும். கல்லறையில் பூ வைக்க வந்த கிழவியைச் சுடுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது என்று நினைப்பவனுக்கு என் தாளில் இடமில்லை.

அந்தக் கிழவி மார்த்தா. வயது எழுபத்தொன்று. அவருடைய கொள்ளுப்பாட்டியின் தங்கை எங்கள் ஊர் மிஷன் மருத்துவமனையில் தாதியாக இருந்தவர். காலராவில் இறந்தார். ஆலயத்தின் பின்னால் அடக்கம். மார்த்தா ஒரு சுற்றுலாக் குழுவோடு கன்னியாகுமரிக்கு வந்தார். வழியில் கல்லறையைப் பார்க்க விரும்பினார். அவ்வளவுதான்.

நான் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். வரவேற்புக் குழுச் செயலாளர். குழுவை அமைத்ததும் நானே.

பத்து நாள் முன்பு வினு என் வீட்டுக்கு வந்தான். மார்த்தா கைப்பட எழுதிய கடிதத்தைத் தந்தான். விழா வேண்டாம். யாருக்கும் அறிவிக்க வேண்டாம். பத்து நிமிடம் கல்லறையில் நின்றுவிட்டுப் போய்விடுவோம். தெளிவான ஆங்கிலம். மேசை மேல் நான் அச்சடிக்கக் கொடுக்கவிருந்த பேனரின் மாதிரி கிடந்தது. வினு அதைப் பார்த்தான்.

"சாரே, வர்றது அவங்களா, நீங்களா? அவங்க ஒம்பது பேரும் சேந்து ஒரு சாண். நீங்க மட்டும் நாலு முழம் நிக்கிறிய!"

"போடே. ஊருக்கு வந்தவங்கள வாசல்லயே நிப்பாட்டி அனுப்புவியா?"

"அவங்களே வேண்டாங்காங்க சாரே. காலம் சரியில்லை. ஒங்களுக்க படத்த மட்டும் போட்டு அடிங்க, சந்தோசமா நானே கட்டுதேன். நாளும் நேரமும் போடாதிய."

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். கடைசி வரியில் சிரிப்பு இல்லை. எனக்கு அது தெரிந்தது.

போட்டேன். நாள், நேரம், வருகிறவர்களின் நாடு, எல்லாம். சந்திப்பில் இருபது அடியில் கட்டினேன். கீழே கைகூப்பிய என் படம். அதுவரை எங்கள் ஊர் பேனர்களில் அரசியல்வாதிகள் சிரித்தார்கள். ஒரு முறை நான் சிரிக்க விரும்பினேன். இதைவிடப் பெரிய காரணம் ஏதும் என்னிடம் இல்லை.

கொலைகாரர்கள் மூன்றாம் நாள் பிடிபட்டார்கள். ஒருவனுடைய கைப்பேசியில் அந்தப் பேனரின் படம் இருந்தது. விசாரணை அதிகாரி அதை என் முன் நீட்டினார். என் முகம் என்னைப் பார்த்துச் சிரித்தது.

"இதெல்லாம் போடச் சொன்னது யாரு?"

"வழிகாட்டி வினு" என்றேன். பயணிகள் விழாவை எதிர்பார்க்கிறார்கள் என்று அவன்தான் சொன்னதாக. நாளும் நேரமும் அவன் தந்ததாக. விழா வேண்டாம் என்று ஒருவரும் சொல்லவில்லை என்பதாக. மூன்று பொய்கள். கையெழுத்திட்டேன்.

வீட்டுக்கு வந்தேன். கடிதத்தை ரப்பர் ஷீட் உலர்த்தும் புகைப்புரையில் போட்டு எரித்தேன். மார்த்தா இறந்துவிட்டார். வினுவின் வாய்ச்சொல் தவிர வேறு சாட்சி இல்லை.

வினுவை மருத்துவமனைக் கட்டிலில் வைத்தே விசாரித்தார்கள். பிறகு காவலில் கொண்டு போனார்கள். பத்தொன்பது நாள். கொலைகாரர்களோடு தொடர்பு எதுவும் இல்லை என்று விட்டார்கள். ஊர் விடவில்லை. ஆளைக் காட்டிக் கொடுத்தவன் என்றார்கள். அவனுடைய அம்மா ஆலயத்துக்கு வந்தால் பக்கத்தில் இருந்தவர்கள் எழுந்து வேறு இடம் போனார்கள். நான் முன்வரிசையில் இருந்தேன். பார்த்தேன்.

"நம்ம ஆளுக்கு ஒண்ணுமில்லைலா, அதுவே பெரிசு" என்றார்கள் ஊரில். நன்றி ஆராதனை வைத்தார்கள். என்னை ஜெபிக்கச் சொன்னார்கள். ஜெபித்தேன். வெட்கங்கெட்ட வாய். யாரோ மேடைப் பலகையைக் கழுவி அடுத்த வாரம் ஒரு கல்யாணத்துக்கு வாடகைக்கு எடுத்துப் போனார்கள்.

இந்த வாக்குமூலத்தின் பிரதியைப் போன திங்கட்கிழமை விசாரணை அதிகாரியிடம் கொடுத்துவிட்டேன். ஊர் படிக்கட்டும். என் மேல் இரக்கம் வேண்டாம்.

கணக்கு இது.

இறந்தவர்கள் ஏழு பேர். மார்த்தா. கல்லறைக்கு அவர் போகவே இல்லை. விழா முடியட்டும் என்று நான் உட்கார வைத்திருந்தேன். ஒரு கணவன், மனைவி. ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர். அக்கா தங்கை இருவர். முதலில் சாய்ந்த மனிதர்; அவருடைய பெயரை வரவேற்புரையில் தவறாக உச்சரித்தேன், திருத்த நேரமிருக்கவில்லை.

பிழைத்தவர்கள் இருவர். வினு இழுத்தவர்கள்.

ஊர்க்காரர்களில் இறந்தவர் எவருமில்லை. விலகினோம்.

வினு இழந்தவை: வலது முழங்கால். வழிகாட்டி உரிமம். பத்தொன்பது நாள். நிச்சயித்திருந்த கல்யாணம். பிறந்த ஊர்; இப்போது தாயோடு நெய்யாற்றின்கரையில் இருக்கிறான்.

இவற்றில் முழங்கால் மட்டும் கொலைகாரர்கள் எடுத்தது. மற்ற எல்லாம் நான் எடுத்தவை.